கண்டிப்பேட் ஏரிக்கரையில் அக்காவைப் பெண் பார்த்தார்கள்

"மே மாதத்தில் ஹைதராபாத்துக்கா?" என்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த விஜயவாடாக்காரர் கேட்டார். ஏதோ தண்டனை அனுபவிக்கப் போகிறவர்களைப் பார்ப்பதுபோல எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மனசு கேட்காமல் தன் கூடையிலிருந்து இரண்டு மாம்பழங்களை எடுத்து நீட்டினார். வசந்தா அக்கா சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். எதற்காகப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அந்தமட்டில் நிம்மதி.

நாங்கள் போனது அக்காவின் கல்யாணப் பேச்சுக்கு. அக்காவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். இருபத்தொரு வயதில் கல்யாணமாகி, இரண்டே வருடத்தில் செல்லையா அத்தான் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அக்கா நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். அப்பா இல்லாத வீட்டைத் தாங்கினாள். நான் பள்ளிக்கூட வாத்தியார் ஆனதும் அவள் சம்பளத்தில்தான். அம்மா இந்தப் பயணத்துக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புளியோதரை மட்டும் கட்டிக் கொடுத்தாள்.

சம்பந்தம் வந்தது பெரியப்பா மகன் முருகேசண்ணன் வழியாக. அண்ணன் செகந்தராபாத்தை ஒட்டிய அல்வாலில் இருக்கிறார், ராணுவ ஸ்டோரில் வேலை. அவரோடு கேரம் ஆட வருகிற தனபால் என்பவர் ஒரு பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன், தொழிலாளிகளை மேற்பார்க்கிற வேலை. தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வே ஒர்க்ஷாப் வேலைக்கு வந்து செகந்தராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது அவருக்கு நாற்பது நெருங்கியிருந்தது. அண்ணன் பேச்சுவாக்கில் அக்காவைப் பற்றிச் சொல்லப்போக, "நான் அவங்களைப் பார்த்துப் பேசலாமா?" என்று அவராகவே கேட்டாராம்.

செகந்தராபாத் ஸ்டேஷனில் இறங்கியதுமே விஜயவாடாக்காரர் சொன்னது விளங்கியது. எங்கள் ஊர் வெயில் வியர்க்க வைக்கும். இந்த ஊர் வெயில் வியர்வையையும் குடித்துவிடும். சட்டை நனையவே இல்லை, நாக்குதான் ஒட்டிக்கொண்டது. அண்ணன் வீட்டு மண்பானைத் தண்ணீரை நானும் அக்காவும் செம்பு செம்பாக அண்ணாந்து ஊற்றிக்கொண்டோம்.

மதினி சோள ரொட்டி தட்டிப்போட்டாள். கூடவே அடுப்பில் ஏற்றாத புளிக்கரைசலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்ட பச்சிப்புலுசு. ரசத்தைக் காய்ச்ச மறந்துவிட்டாளோ என்று முதலில் நினைத்தேன். இரண்டாவது வாயில் அந்த ஊர் வெயிலுக்கு அதுதான் மருந்து என்று தெரிந்துவிட்டது. மதினி தன் மகளிடம், "சித்தப்பாவுக்கு இன்னும் ரொட்டி வைக்கவா கேளு" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே ஊர்ச்சொல்லை வைத்து நான், ஆமாம் என்பதற்கு, "ஹவ், ஹவ்" என்றேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அம்மாவிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். நான் பேசுவது குதிரை வண்டிக்காரர் மாதிரி இருக்கிறதாம்.

சாயங்காலம் அண்ணன் விஷயத்தை உடைத்தார்.

"தனபால் வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டான்ல. ஞாயித்துக்கிழமை கண்டிப்பேட் பார்க்குக்கு வாங்க, அப்படியே ஏரிக்கரை வரைக்கும் நடந்துக்கிட்டே பேசலாம்னுட்டான். பார்க்குல வச்சா பொண்ணு பாப்பாக? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாக?"

"அவங்க அம்மாவுக்குச் சம்மதம் இல்லையாண்ணே?" என்று அக்கா நேராகக் கேட்டாள்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அந்த அம்மா கொஞ்சம் முரண்டு பிடிக்குதாம். முதல் கல்யாணத்துக்கு நிக்கிற மகனுக்கு... அப்படின்னு."

"சரி. எனக்கு ஏரி பாக்கணும்னு ஆசைதான். போவோம்" என்றாள் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். சார்மினார் பக்கத்தில் ஓர் இரானி ஹோட்டலில் தேநீர் குடித்தோம். நம் ஊர் டீயை ஆற்றிக் குடிக்கவேண்டும். இது தானாகவே ஆறி, பாலாடை கட்டிக்கொண்டு, கெட்டியாக வருகிறது. பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த முதலாளியிடம் உரக்கக் கத்திக்கொண்டிருந்தார். என்ன சண்டை என்று அண்ணனிடம் கேட்டேன். "பிஸ்கட்டைத் தேத்தண்ணில முக்கினேன், பாதி உள்ளயே விழுந்துட்டு. இது டீயோட குத்தமா, பிஸ்கட்டோட குத்தமான்னு கேக்காரு" என்றார். முதலாளி யோசித்துப் பார்த்துவிட்டு இன்னொரு பிஸ்கட்டைக் கொடுத்தனுப்பினார். அந்த ஊரில் அவசரம் என்பதே கிடையாது என்று அன்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் எங்களுக்கு மட்டும் அவசரம் வந்தது.

ஞாயிறு காலை வெயிலுக்கு முன் போய்விடவேண்டும் என்று விடியும்போதே கிளம்பினோம். அல்வாலிலிருந்து ஒரு பஸ், செகந்தராபாத்திலிருந்து இன்னொன்று, மெஹதிப்பட்டணத்தில் மூன்றாவது. அந்த மூன்றாவது பஸ் லங்கர் ஹவுஸைத் தாண்டியதும் மூக்கால் புகைவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார். கண்டக்டரும் போய்ப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். பயணிகளும் ஒவ்வொருவராக இறங்கி அவர்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

அண்ணன் மட்டும் சாலையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "போச்சு. அவன் காத்திருந்து பாத்துட்டுத் திரும்பிருவான். இதே சகுனம்னு அவுக அம்மாவும் சொல்லிரும்" என்றார்.

அப்போதுதான் அந்த லாரி வந்தது. பின்பக்கம் முழுக்கச் சிவப்புச் சட்டையும் தங்க ஜரிகையும் போட்ட ஆட்கள். மடியில் டிரம்பெட், கிளாரினெட், பெரிய டிரம். கண்டிப்பேட்டுக்கு அப்பால் ஏதோ கிராமத்தில் கல்யாணம், அதற்குப் போகிற பேண்டு வாத்தியக்காரர்கள். அண்ணன் கையைக் காட்டினார், நின்றார்கள். எங்கே போகவேண்டும், எதற்கு என்று மீசைக்கார டிரம்பெட்டுக்காரர் உருதுவில் கேட்டார். அதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு அண்ணன் திருதிருவென்று விழித்தார். அக்காதான் தனக்குத் தெரிந்த இரண்டு இந்தி வார்த்தையைச் சேர்த்து, "ஷாதி... தேக்னா" என்று, கல்யாணத்துக்குப் பார்ப்பது என்ற அர்த்தத்தில், தன்னையே சுட்டிக் காட்டினாள்.

லாரியே ஆரவாரித்தது. டிரம்மை ஓரமாகத் தள்ளி அக்காவுக்கு ஒரு பெட்டியின்மேல் இடம் போட்டார்கள். வழியெல்லாம் கல் கிடந்த சாலையில் டிரம் தானாகவே 'தும் தும்' என்றது. அக்கா ஒரு கையால் முந்தானையையும் இன்னொரு கையால் யாருடைய கிளாரினெட்டையோ பிடித்துக்கொண்டு வந்தாள்.

பார்க் வாசலில் லாரி நின்றது. இறங்கியிருந்தால் பரவாயில்லை. அதற்குள் மீசைக்காரர் ஒரு சைகை காட்ட, அத்தனை பேரும் எழுந்து நின்று முழங்க ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் சுண்டல் விற்றவர், வெள்ளரிக்காய் விற்ற பெண்கள், உல்லாசமாக வந்திருந்த குடும்பங்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அக்கா லாரியிலிருந்து மரியாதையாக இறக்கிவிடப்பட்டாள். முருகேசண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாசல் தூணோரம் வெள்ளைச் சட்டையில் உயரமாக ஒருவர் நின்றிருந்தார். வாய் திறந்தபடியே இருந்தது. அவர்தான் தனபால்.

லாரி போன பிறகு கிட்டே வந்து கைகூப்பினார். "பேண்டு செலவு பொண்ணு வீட்டுதா, மாப்பிள்ளை வீட்டுதான்னு அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

அக்கா சிரித்தாள். மரியாதைக்குச் சிரிப்பது வேறு. இது வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஒரு விஷயம்" என்று தனபால் குரலைத் தாழ்த்தினார். "அம்மா வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. பஸ்ஸில ஏறித் திரும்பிப் பாத்தா, கடைசி சீட்டுல உக்காந்திருக்காங்க."

உள்ளே ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில், கறுப்புக் குடையை வாள்போல மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா, மேளதாளத்தோட வந்துட்டீங்க. இன்னும் நான் சரின்னே சொல்லலையே?"

"பஸ் நின்னு போச்சும்மா" என்றாள் அக்கா. "உங்களுக்கும் இந்த வெயில்ல அலைச்சல்."

"நான் இந்த ஊர்லயே பொறந்தவ. வெயில் என்னை இன்னா பண்ணும்?" என்றபடி அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். நாங்களும் நடந்தோம்.

நல்ல பூங்கா அது. புல் மட்டும் காய்ந்து பழுப்பாகிவிட்டது. மரங்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் செக்கச்செவேலென்று பூத்திருந்தன. பாதையெங்கும் சிவப்பு இதழ்கள். எங்கள் ஊரில் இத்தனை பேர் குடும்பத்தோடு வெளியே வந்து சாப்பிடுகிறார்கள் என்றால் அது கோயில் கொடையாக இருக்கும். இங்கே சாமியே இல்லாமல் சமுக்காளம் விரித்து, அடுக்குச் சட்டிகளைத் திறந்து, பிரியாணி வாசனையைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். தனபாலும் அக்காவும் முன்னால் நடக்க, அந்த அம்மா நடுவில் குடையோடு நடக்க, அண்ணனும் நானும் பின்னால் போனோம். காற்று எங்கள் பக்கம் வீசியதால் அவர்கள் பேச்சு கேட்டது.

"வீட்டுக்குக் கூப்பிடலன்னு கோவமா?" என்று தனபால் கேட்டார். "என் தங்கச்சிங்களை எத்தனை பேர் வந்து பாத்தாங்க தெரியுமா? ஒவ்வொரு தரமும் நான்தான் ஓடிப்போய் ஸ்வீட் வாங்கிட்டு வருவேன். அவங்க தின்னுட்டு, கலரு கம்மின்னு சொல்லிட்டுப் போவாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், நான் யாரையும் அப்படி உக்கார வெச்சுப் பாக்க மாட்டேன்னு."

"நடக்கவிட்டுப் பாக்கீங்க" என்றாள் அக்கா.

"நீங்களும் என்னைப் பாக்கலாம் இல்லையா?"

அந்த அம்மா பின்னாலிருந்து குறுக்கிட்டார். நைட் டியூட்டி உண்டா, சமைக்க வருமா, தெலுங்கு கற்றுக்கொள்வாயா என்று கேள்வி கேள்வியாக வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் இங்கே வேலை தேடிக்கொள்வேன் என்று அக்கா சொன்னாள். சமையல் சுமாராகத்தான் வரும் என்றும் சொன்னாள். "சுமாருன்னு ஒத்துக்கிற பொண்ணை இப்பதான் பாக்கிறேன்" என்று அந்த அம்மா முனகினார். ஆனால் அதற்குப் பிறகு குடையை விரித்துப் பாதி நிழலை அக்காவுக்குக் கொடுத்தார். முருகேசண்ணன் என் கையைக் கிள்ளினார்.

பூங்கா முடிகிற இடத்தில் அணையின் கற்படிகள். அதில் ஏறி நின்றோம். ஏரி என்றார்களே தவிர, எதிர்க்கரை சரியாகத் தெரியவில்லை. கோடையில் தண்ணீர் பின்வாங்கியதில் அகலமான கரை வெளியே வந்திருந்தது. பருமணலும் கூழாங்கல்லும் கலந்த கரை, அதற்கப்பால் சின்னச்சின்ன அலைகள். திருச்செந்தூரில் பார்த்த கடல் ஞாபகம் வந்தது. உப்பு வாடை மட்டும் இல்லை. குழந்தைகள் மணலில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

படியில் கால் வைத்த அந்த அம்மா சட்டென்று நின்றார். "அரே, எங்க சந்து சத்தியவதி!"

கீழே, தண்ணீருக்குச் சற்று இப்பால், ஒரு தெலுங்குக் குடும்பம் துணிப்பந்தல் கட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் பருமனான ஓர் அம்மாள் இலை போட்டுக்கொண்டிருந்தாள். "அவ கண்ணுல பட்டா சந்துக்கே தண்டோரா போட்ட மாதிரி" என்று எங்களையெல்லாம் ஓரமாக இழுத்தார் தனபாலின் அம்மா. ஒரு நிமிடம் யோசித்தார்.

"இங்க பாருங்க, நான் மறைச்சுப் பேசறவ இல்ல. பொண்ணு எனக்குப் பிடிச்சிருக்குது. கட்டிவெச்சுடலாம். ஆனா ஒண்ணு. இதுதான் முதல் கல்யாணம்னு சொல்லிடணும். படிப்பு, வேலைன்னு இருந்துட்டா, வயசாயிடுச்சு. அவ்ளோதான். திருநெல்வேலியில நடந்தது இங்க யாருக்குத் தெரியப்போவுது?"

"அதுக்கென்னம்மா! அப்படியே சொல்லிருவோம்" என்றார் முருகேசண்ணன், அந்த அம்மா வாய் மூடுவதற்குள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள்.

"இல்லம்மா, அது என்னால ஆகாது. செல்லையான்னு ஒருத்தர் இருந்தாரு. ரெண்டு வருசம் என்னை நல்லா வச்சிருந்தாரு. அவரு இருக்கவே இல்லைன்னு சொல்லிட்டு நான் உங்க வீட்டுக்கு வந்தா, நாளைக்கு உங்க மகனுக்கு உண்மையா இருப்பேன்னு நீங்க எப்படி நம்புவீங்க?"

"வசந்தா, கூடி வந்ததைக் கெடுத்துராத" என்று அண்ணன் பல்லைக் கடித்தார்.

"நான் கெடுக்கலைண்ணே. வந்தது வந்தாச்சு, ஏரியைப் பாத்துட்டு வாரேன்." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் படியிறங்கிவிட்டாள். துணிப்பந்தலைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், தண்ணீரை நோக்கி நடந்தாள்.

தனபால் அம்மாவைப் பார்த்தார். அக்காவின் முதுகைப் பார்த்தார்.

"அம்மா, நக்கோ, வேணாம். பொய் சொல்லிக் கட்டிக்கறதுன்னா எனக்கு இந்தக் கல்யாணமே நக்கோ. அவங்க சொன்னதைக் கேட்டே இல்ல? போன மனுஷனையே விட்டுக்கொடுக்க மாட்டேங்கறாங்க. என்னை விட்டுக்கொடுப்பாங்களா?"

"கைக்குடா, ஏன்டா உனக்கு இவ்ளோ பிடிவாதம்?"

தனபால் பளபளவென்று பாலிஷ் போட்டிருந்த ஷூவைக் கழற்றிப் படியில் வைத்தார். சாக்ஸையும் கழற்றினார். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டு இறங்கி நடந்தார். வெயிலில் கூழாங்கற்கள் அடுப்புக்கல்லாகக் கொதித்திருக்கவேண்டும். ஆறடி உயர மனிதர் கொக்குபோல ஒற்றைக் காலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் ஓரத்தில் நின்றிருந்த அக்கா சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவர் நேராகத் தண்ணீருக்குள் போய் நின்று பெருமூச்சு விட்டார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அக்கா புடவையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக்கொண்டு தானும் தண்ணீரில் இறங்கினாள்.

உடனே எங்கிருந்தோ விசில். ஊருக்கே குடிதண்ணீர் போகிற ஏரியாம், கால் நனைக்கக் கூடாதாம். காவல்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவர, இருவரும் திருடர்கள்போலக் கரையேறிச் சிரித்தார்கள்.

படியில் நான், அண்ணன், அந்த அம்மா.

"அந்தப் பையன் நல்லவனா?" என்று அவர் திடீரென்று என்னைக் கேட்டார்.

யாரைக் கேட்கிறார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. "செல்லையா அத்தானா? ரொம்ப நல்லவரும்மா. எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டது அவர்தான். தெரு முழுக்க சீட்டைப் பிடிச்சுக்கிட்டே கூட ஓடிவருவாரு. விழுந்தா, எனக்கு முன்னால அவரு அழுதுருவாரு."

அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரர் போயும் வருஷம் ஆவுது. அப்படி ஒருத்தர் இல்லவே இல்லைன்னு சொல்லுன்னு எவனாவது என்கிட்ட சொன்னா, இந்தக் குடையாலயே போட்டிருப்பேன்." சற்று நிறுத்தி, "அவ என்கிட்ட மரியாதையாதான் பேசினா" என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "பிடி. இந்தப் படி வழுக்கும்."

கைபிடித்து இறக்கிவிட்டேன். மணலுக்கு வந்ததும் என் கையை உதறிவிட்டுக் குடையை ஊன்றி நேராகத் துணிப்பந்தலை நோக்கி நடந்தார். அக்காவும் தனபாலும் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். சத்தியவதி அம்மாள் தனபாலை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் நிற்கும் ஈரப் புடவைக்காரி யார் என்று புருவத்தாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தனபாலின் அம்மா தெலுங்கில் ஆரம்பித்தார். சின்னக் குரல் இல்லை, கரையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற குரல். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தனபால்தான் அக்கா பக்கம் குனிந்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"'இவ பேரு வசந்தா. பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸு'ங்கறாங்க... 'இதுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு. தங்கமான பையன், காமாலையில போயிட்டான்'..."

அக்கா தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"'இப்ப என் மகனைக் கட்டிக்கப்போறா. யாராவது எதாவது கேக்கணும்னா என்னைக் கேளுங்க'ங்கறாங்க."

கடைசியாக அந்த அம்மா அக்காவின் தோளில் கையைப் போட்டு, "நா கோடலு" என்றார். தனபால் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. மருமகள் என்று எங்களுக்கே விளங்கியது.

சத்தியவதி அம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஏதோ கேட்டாள். தனபால் வாய்விட்டுச் சிரித்தார். "'தமிழ்ப் பொண்ணு, நம்ம காரம் தாங்குவாளா?'ன்னு கேக்கறாங்க."

பதிலுக்குக் காத்திராமல் எல்லாருக்கும் இலை விழுந்தது. கோங்குரா பச்சடியும் சோறும், ஆவக்காயும், மேலே உருக்கிய நெய்யும். முருகேசண்ணன் முதல் வாயிலேயே தண்ணீர் கேட்டார். எனக்குக் காதில் புகை வந்தது. துணிப்பந்தல் நிழலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அக்கா ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். மூக்கு சிவந்து கண்ணில் நீர் கோத்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, இலையை முன்னால் நகர்த்தி, "அத்தே, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க" என்றாள்.